அடியில் கசியும் டிஸ்போசர்: வாங்குமுன் அளக்க வேண்டியதும் மாற்றும் முறையும்

கேள்வி: எங்கள் சமையலறை சிங்க்கின் கீழே உணவுக் கழிவை அரைக்கும் டிஸ்போசர் ஒன்று 11 ஆண்டுகளாக ஓடுகிறது. அரை எச்.பி. மோட்டார். இரண்டு வாரமாக அலமாரித் தரை ஈரமாகவே இருக்கிறது. தடவிப் பார்த்தால் இயந்திரத்தின் அடியில், சிவப்புப் பட்டன் இருக்கும் இடத்தில் நீர் சொட்டுகிறது. எபாக்சி பூசி அடைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். கடையிலோ ஒரு எச்.பி. மாடலாக மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். டிஷ்வாஷரின் கழிவுநீர்க் குழாயும் இதில்தான் சேர்கிறது. சிங்க் கிரானைட் கலவையால் ஆனது. குழாய் வாஷர், மின் சுவிட்ச் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. இதையும் நானே மாற்றலாமா? சிங்க் ஓட்டையில் இருக்கும் பழைய வளையத்தை அப்படியே விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: எபாக்சி வேண்டாம். அடியிலிருந்து சொட்டும் டிஸ்போசரை வெளியே பூசி அடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இயந்திரத்தின் மேல்பாதி அரைக்கும் அறை, கீழ்பாதி மோட்டார். இரண்டுக்கும் நடுவில், சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்துபோனால் அறையில் இருக்கும் நீர் மோட்டாருக்குள் இறங்கும், பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், கடைசியில் கீழே இருக்கும் இடுக்குகள் வழியாக வெளியே வரும். நீங்கள் தரையில் துடைப்பது மோட்டாரை நனைத்துவிட்டு வந்த நீர். வெளியே அடைத்தால் அது உள்ளேயே தேங்கும், அவ்வளவுதான். அந்த சீலைத் தனியாக வாங்கி மாற்றுவதும் வீட்டு மாடல்களில் நடைமுறைக்கு ஒத்துவராது. கூட்டைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம்.

இன்றே அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நேரடியாக வயரிங் செய்திருந்தால் பிரேக்கரை அணைத்து வையுங்கள். மோட்டாரை ஓட்டாமல் இருந்தாலும் சிங்க் நீர் முழுவதும் அந்த அறை வழியாகத்தான் போகிறது என்பதால் கசிவு நிற்காது. மாற்றும்வரை அடியில் ஒரு வாளி இருக்கட்டும்.

ஆனாலும் புதியது வாங்குவதற்கு முன் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். மேலே கசியும் நீரும் உடம்பில் வழிந்து அடியில்தான் வந்து சொட்டும். அப்படி ஏமாந்து நல்ல இயந்திரத்தைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. மின்சாரம் துண்டித்த நிலையில் இயந்திரம் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சிங்க்கை மூடியால் அடைத்து நீரை நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள். டிஷ்யூ காகிதத்தை இயந்திரத்தின் கழுத்தைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் குற்றவாளி சிங்க் ஓட்டையின் ஃபிளாஞ்ச், அதாவது ஓட்டையில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் கேட்ட அந்த உலோக வளையம். இயந்திரத்தை மாற்றத் தேவையில்லை, ஃபிளாஞ்சை எடுத்துப் புதிதாக சீல் செய்தால் போதும். பிறகு மூடியைத் திறந்து நீரை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். டிஷ்வாஷர் குழாய் சேரும் இடத்தில் ஈரம் என்றால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. கழிவு வெளியேறும் வளைகுழாய் சேரும் இடத்தில் ஈரம் என்றால் அங்கே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் கெட்டிருக்கிறது. மேற்பகுதியும் பக்கவாட்டும் உலர்ந்திருந்து அடியில் மட்டும் நனைந்தால்தான் சீல் போயிற்று என்று அர்த்தம். உங்கள் விவரிப்பும் 11 வயதும் அதைத்தான் காட்டுகின்றன.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கசிவே இல்லாமல், சுவிட்ச் போட்டதும் உறுமல் மட்டும் கேட்டுச் சுழலாமல் நிற்கிறது என்றால் அது அடைப்பு. அதற்காக மாற்ற வேண்டியதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெரும்பாலான மாடல்களின் அடியில் நடுவே இருக்கும் அறுகோணக் குழியில் கால் அங்குல ஆலன் கீயை நுழைத்து இரு பக்கமும் திருப்பினால் தட்டு விடுபடும். சத்தமே இல்லை என்றால் சிவப்புப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் மோட்டாரைக் காக்கத் தானாக வெளியே தள்ளிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டன் அது. கத்தி மழுங்கிவிட்டது, தீட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் அமெரிக்காவின் ரசீன் நகரில் இந்த இயந்திரத்தை உருவாக்கினார். இன்று சிங்க்கின் கீழே தொங்குபவற்றிலும் பொதுவாகக் கத்தி கிடையாது. சுழலும் தட்டில் அசையும் இரண்டு உலோகத் துண்டுகள் கழிவை வெளிவட்டத்தில் இருக்கும் பல் வளையத்தின்மேல் வீசித் தேய்க்கின்றன. தட்டு ஓரத்து இடைவெளி வழியாக நுழையும் அளவுக்கு நுணுங்கியதுதான் நீரோடு வெளியேறும்.

இனி எதை வாங்குவது. கடைக்காரர் மோட்டாரின் வலிமையைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் வேலை சுலபமாக முடியுமா, நாள் முழுவதும் இழுக்குமா என்பதைத் தீர்மானிப்பது வலிமையல்ல, உயரம். இயந்திரத்தின் பக்கவாட்டில் கழிவு வெளியேறும் வாய் இருக்கிறது. அது சுவருக்குள் போகும் கழிவுக் குழாயைவிட மேலே இருக்க வேண்டும். வெளியேறும் வாயில் மாட்டும் வளைகுழாய் கொஞ்சம் கீழே இறங்கி, எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும் வளைந்த குழாயான பி-ட்ராப்புக்குள் போய், அங்கிருந்து மேலேறி, சுவரை நோக்கிச் செல்லும் குழாயில் சேர்கிறது. அந்தக் குழாய் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவாவது சுவரை நோக்கிச் சரிய வேண்டும். ஆகவே வாயும் சுவர்க் குழாயும் ஒரே மட்டத்தில் இருந்தால்கூடப் போதாது. வளைகுழாய்க்கு இடமில்லாமல் போகும். பெரிய மோட்டார் உள்ள மாடல்களில் அரைக்கும் அறை உயரம் அதிகம். அதனால் வாய் கீழே இறங்கிவிடும். ஆழமான சிங்க் என்றால் இன்னும் இறங்கும். வாய் சுவர்க் குழாயைவிடத் தாழ்ந்துவிட்டால் அறையில் எப்போதும் கழிவுநீர் நிற்கும். நாற்றம் வரும். சீல் இரவும் பகலும் நீரில் மூழ்கியே இருக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து இரண்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள். சிங்க்கின் அடிப்புறத்திலிருந்து இப்போதைய இயந்திரத்தின் வெளியேறும் வாயின் மையம்வரை ஒன்று. அதே இடத்திலிருந்து சுவர்க் குழாயின் மையம்வரை இன்னொன்று. ஒவ்வொரு மாடலின் பெட்டியிலோ கையேட்டிலோ அளவுப் படம் இருக்கும். அதில் முதல் அளவு உங்களுடையதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கவலையில்லை. சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் இரண்டாவது அளவோடு ஒப்பிட்டு, வளைகுழாய்க்கு இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் உயரம் குறைந்த மாடலைத் தேடுங்கள். சுவர்க் குழாயை உடைத்துத் தாழ்த்துவது இந்த இயந்திரத்துக்காகச் செய்யத் தக்க வேலையல்ல. இயந்திரத்தின் மொத்த உயரத்தையும் விட்டத்தையும் பாருங்கள். அலமாரிக்குள் குப்பைக் கூடையோ நீர் வடிகட்டியோ இருந்தால் பருத்த மாடல் அவற்றை இடிக்கும்.

நான்கு பேர் வீட்டுக்கு முக்கால் எச்.பி. தாராளம். தினமும் கடினமான கழிவைப் போடுகிறவர்களுக்குத்தான் ஒரு எச்.பி. உதவும், உங்களுக்கு அது எடையையும் உயரத்தையும்தான் கூட்டும். எண்ணைவிட மோட்டாரின் வகையைப் பாருங்கள். நிரந்தரக் காந்த மோட்டார் உள்ளவை எடை குறைந்தவை, வேகம் அதிகம், சத்தமும் பெரும்பாலும் அதிகம். இண்டக்ஷன் மோட்டார் உள்ளவை கனம் கூடியவை, வேகம் குறைவு, சுழற்சி நிதானம். ஒரே எச்.பி. எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அரைக்கும் பாகங்கள் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும்.

மின்னழுத்தத்தில் அசட்டை கூடாது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள வீட்டில் மாட்டக் கூடாது. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது; இண்டக்ஷன் மோட்டார் மெதுவாகச் சுழன்று சூடேறும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் முதலில் அதன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளக் வயர் பொருத்தி வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பல மாடல்கள் வயர் இல்லாமல்தான் வருகின்றன.

பழைய வளையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புதிய இயந்திரம் அதே நிறுவனத்துடையதாக, அதே மாட்டும் முறை உள்ளதாக இருந்தால் பழைய வளையத்திலேயே மாட்டிவிட முடியும். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று திருகு உள்ள வளையம், முறுக்கிப் பூட்டும் வளையம் என்று வகைகள் உண்டு. ஒன்றில் மற்றது உட்காராது. உங்களுக்கு என் பரிந்துரை: 11 ஆண்டு ஆன ஃபிளாஞ்சை மாற்றிவிடுங்கள். அதன் அடியில் கசிவை அடைக்கப் பூசிய பசை போன்ற பிளம்பர் புட்டி காய்ந்து கெட்டியாகியிருக்கும். புதிய, கனம் கூடிய இயந்திரத்தைத் தொங்கவிட்டு முறுக்கும்போது அந்தப் புட்டி விரிசல் விட்டு, ஒரு மாதம் கழித்து மேலே கசியத் தொடங்கும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டிவரும். புதிய ஃபிளாஞ்ச் எப்படியும் பெட்டிக்குள் வருகிறது. பழையதை வைத்துக்கொள்வதால் மிஞ்சுவது நேரம் மட்டும்தான்.

கிரானைட் கலவை சிங்க் என்பதால் ஒரு மாற்றம் உண்டு. பிளம்பர் புட்டியில் எண்ணெய் இருக்கிறது. அது கல்லிலும் கல் கலவையிலும் ஊறி ஓட்டையைச் சுற்றிக் கறுத்த வளையமாகக் கறை படிய வைக்கும், பிறகு போகாது. கறை படியாத வகை என்று எழுதியிருக்கும் புட்டியையோ, சமையலறைக்கான சிலிகான் சீலண்டையோ பயன்படுத்துங்கள். சிலிகான் என்றால் நீர் விடுவதற்கு முன் குழாயில் எழுதியிருக்கும் நேரம்வரை, பெரும்பாலும் 24 மணி நேரம், காயவிட வேண்டும். ஆகவே வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் பழையதை இறக்கிப் புதிய ஃபிளாஞ்சை உட்கார வைப்பது, மறுநாள் இயந்திரத்தை மாட்டுவது. எஃகு சிங்க் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரணப் புட்டி போதும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பட்டைத் திருப்புளி, நட்சத்திரத் திருப்புளி, வாய் அகலமாகத் திறக்கும் பைப் பிளையர், சுத்தி, மின் டெஸ்டர், டார்ச், வாளி, பழைய துணிகள், புட்டி சுரண்ட ஒரு பிளாஸ்டிக் தகடு, குழாயை வெட்ட நேர்ந்தால் ஹேக்ஸா. இயந்திரத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு காலி பெயின்ட் டப்பாவும் சில பலகைத் துண்டுகளும். இதை விட்டுவிடாதீர்கள். முக்கால் எச்.பி. மாடல் ஏழெட்டு கிலோ இருக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து மறுகையால் வளையத்தைத் திருப்புவது ஆகிற காரியமல்ல.

முதலில் பிரேக்கர். அணைத்த பிறகு சுவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் உள்ள வேறொரு பிளக்கில் சோதித்துவிட்டு வாருங்கள். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் மின்சாரம் இல்லை என்றுதான் காட்டும்.

ட்ராப்பின் அடியில் வாளியை வைத்து, இரண்டு பெரிய நட்டுகளையும் தளர்த்தி ட்ராப்பை எடுங்கள். உள்ளே நிற்கும் நீர் வாளியில் விழும். டிஷ்வாஷர் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்தி இழுத்து, அதன் நுனியை மேலே தூக்கிக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் டிஷ்வாஷருக்குள் மிச்சமிருக்கும் நீர் உங்கள் மேல் கொட்டும். பிறகு பெயின்ட் டப்பாவையும் பலகைகளையும் இயந்திரத்தின் அடியில் முட்டுக் கொடுங்கள். இயந்திரத்தின் கழுத்தில் இருக்கும் கீழ் மவுண்டிங் ரிங்கின் (மாட்டும் வளையம்) காதுகளில் ஒன்றுக்குள் திருப்புளியை நுழைத்து இடப்பக்கமாகத் தள்ளினால் அது சுழன்று பூட்டு விடும். இது கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. துருப்பிடித்து இறுகியிருந்தால் திருப்புளியின் பிடியில் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். பூட்டு விடும் நொடியில் முழு எடையும் டப்பாவில் இறங்கும். இயந்திரத்தைச் சாய்க்காமல் இறக்குங்கள்; அறைக்குள் இன்னும் நீர் இருக்கும்.

அறையில் இருக்கும் நீரை வாளியில் கொட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்டு அடித்தட்டின் திருகைக் கழற்றினால் வயர் இணைப்பு தெரியும். டெஸ்டரை வைத்து அங்கே மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். எந்த வயர் எதனோடு சேர்ந்திருந்தது என்று கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறையில்லாத செம்பு எர்த். ஐரோப்பிய முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இந்தியாவிலும் பிரிட்டனிலும் பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஒரு நாட்டில் ஃபேஸாக இருக்கும் கறுப்பு இன்னொரு நாட்டில் நியூட்ரல். உங்கள் வீட்டு வயரும் இயந்திரத்தின் வயரும் வேறு வேறு நிற முறையில் இருந்தால் கையேட்டின் வயரிங் படத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அதிலும் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

இனி ஃபிளாஞ்ச். கீழே தொங்கும் வளையத்தின் மூன்று திருகுகளையும் தளர்த்தி, மொத்தத் தொகுதியையும் மேலே தள்ளிப் பிடித்தால் அடியில், மற்றவை கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும், ஓரிடத்தில் வெட்டுள்ள கம்பி வளையமான ஸ்நாப் ரிங் தெரியும். அதன் வெட்டு உள்ள நுனியில் பட்டைத் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் பள்ளத்திலிருந்து விடுபடும். கண்ணில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது தெறிக்கும். எல்லா வளையங்களும் கீழே வந்துவிடும். ஃபிளாஞ்சை அடியிலிருந்து மேலே தட்டி எடுங்கள். சிங்க் ஓட்டையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய புட்டியைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, முழுவதும் காயவிடுங்கள். அவசரப்பட்டு இங்கே மிச்சம் விட்டால் அந்த இடத்தில்தான் கசியும். உலோகத் திருப்புளியால் சுரண்டினால் கிரானைட் கலவையில் உலோகத் தடம் கோடாக விழும்.

புதிய ஃபிளாஞ்சின் அடி விளிம்பில் சிலிகானை இடைவெளி விடாமல் ஒரு சுற்று இடுங்கள். புட்டி என்றால் அரை அங்குலக் கனத்தில் கயிறாக உருட்டிச் சுற்ற வேண்டும். ஓட்டையில் நேராக இறக்கி அழுத்துங்கள். அழுத்திய பிறகு திருப்பாதீர்கள், திருப்பினால் சீலண்டில் வழி விழும். ஆகவே ஃபிளாஞ்சில் பொறித்த பெயர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே ஒரு துணி விரித்து, புதிய இயந்திரம் இருக்கும் பெட்டியையே வைத்துவிட்டால் எடை கிடைக்கும்.

கீழே, மூன்று திருகு உள்ள வகையில், வரிசை இது: முதலில் ஃபைபர் கேஸ்கெட், அடுத்து உலோகப் பின்வளையம், அதன் தட்டையான பக்கம் மேலே, அடுத்து திருகுகளும் சாய்தளங்களும் உள்ள மேல் மவுண்டிங் ரிங், கடைசியில் ஸ்நாப் ரிங். ஸ்நாப் ரிங் ஃபிளாஞ்சின் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கேஸ்கெட்டை மறந்துவிட்டு மேலே எல்லாவற்றையும் பூட்டியபின் நினைவுக்கு வருவது சகஜம், அதனால் ஒரு கையில் நான்கையும் அடுக்கிக்கொண்டு குனியுங்கள். மூன்று திருகுகளையும் ஒரே சீராக, ஒவ்வொன்றையும் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுவதும் முறுக்கினால் வளையம் சாய்ந்து எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும். மேலே சீலண்டு சுற்றிலும் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கியதைத் துடைத்துவிட்டு, சிலிகான் என்றால் மறுநாள்வரை விட்டுவிடுங்கள்.

இயந்திரத்தை மாட்டுவதற்கு முன் தரையிலேயே முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. இரண்டில் டிஷ்வாஷர் உள்ளவர்கள் மறக்கக் கூடாதது முதலாவது. புதிய இயந்திரத்தில் டிஷ்வாஷர் குழாய் சேரும் வாய் உள்ளே பிளாஸ்டிக் தடுப்பால் மூடியே வரும். திருப்புளியை அதன்மேல் வைத்துச் சுத்தியால் தட்டி உடைத்து, உடைந்த துண்டை அறைக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். உடைக்காமல் மாட்டினால் டிஷ்வாஷர் நீரை வெளியேற்ற முடியாமல் உள்ளேயே நிற்கும். புதிய டிஸ்போசர் போட்ட அன்றே டிஷ்வாஷர் கெட்டுவிட்டது என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்; அதை நம்பி டிஷ்வாஷர் மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. துண்டை உள்ளே விட்டுவிட்டால் முதல் நாளே கடகடவென்று சத்தம் வரும். டிஷ்வாஷர் இல்லாதவர்கள் அந்தத் தடுப்பைத் தொடவே கூடாது.

இரண்டாவது, வயரிங். அடித்தட்டைத் திறந்து, வயர் நுழையும் ஓட்டையில் கிளாம்ப்பை மாட்டி, அதன் வழியாக வயரை விட்டு, எர்த்தைப் பச்சைத் திருகில் முதலில் பூட்டுங்கள். பிறகு ஃபேஸோடு ஃபேஸ், நியூட்ரலோடு நியூட்ரல். இணைப்பை மூடும் தொப்பியைப் போட்டு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். உள்ளே அட்டைத் தாள் போல ஒரு மறைப்பு இருந்தால் அது பெட்டிக் குப்பை அல்ல, மின்காப்பு, எடுத்துவிடாதீர்கள். கிளாம்ப்பை வயர் நகராத அளவுக்கு இறுக்குங்கள், உறை நசுங்கும் அளவுக்கு வேண்டாம்.

இப்போது தூக்கி மாட்டலாம். பழையதை இறக்கிய அதே டப்பாவில் நிறுத்தி, வெளியேறும் வாய் ட்ராப் இருக்கும் பக்கம் பார்க்கும்படி திருப்பி, மேல் ரிங்கில் உள்ள மூன்று சாய்தளங்களுக்கு நேராக, இயந்திரத்தின் கழுத்தில் உள்ள கீழ் ரிங்கின் மூன்று காதுகளையும் கொண்டுவந்து, கீழ் ரிங்கை வலப்பக்கமாகத் திருப்புங்கள். காது சாய்தளத்தின் முடிவில் இருக்கும் மேட்டைத் தாண்டிப் பூட்டிக்கொள்ளும். டார்ச் அடித்து மூன்றும் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு மட்டும் மாட்டிக்கொண்டு மூன்றாவது வெளியே நின்றாலும் இயந்திரம் அப்போதைக்குத் தொங்கத்தான் செய்யும். ஓடும்போது ஏற்படும் அதிர்வில் ஒரு நாள் அலமாரியில் விழும்.

வளைகுழாயை மாட்டும்போது அதைப் பூட்டுவதற்கான சிறிய உலோக ஃபிளாஞ்சை (சிங்க் ஃபிளாஞ்ச் அல்ல) குழாயில் முதலில் நுழைத்துவிட்டு, பிறகு கேஸ்கெட்டை வைத்து, இயந்திரத்தின் வாயில் திருகால் பூட்ட வேண்டும். ட்ராப்போடு மட்டம் சேராவிட்டால் குழாயை நெம்பி வளைத்துப் பொருத்த வேண்டாம். நீளமென்றால் ஹேக்ஸாவால் நேராக வெட்டிப் பிசிறை நீக்குங்கள், குறைவென்றால் நீட்டிப்புக் குழாய் வாங்குங்கள். நெளிந்து மடங்கும் பிளாஸ்டிக் குழாய் இந்த இடத்துக்கு ஆகாது. அதன் மடிப்புகளில் அரைத்த கழிவு தங்கும். நட்டின் உள்ளே போகும் வாஷரின் சரிந்த பக்கம் இணைப்பின் வாயை நோக்கி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நட்டு என்றால் கையால் இறுக்கி, பிளையரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் முறுக்கினால் மரை வெடிக்கும். டிஷ்வாஷர் குழாயைப் பூட்டும் முன் அது சிங்க் மேடையின் அடிப்புறம்வரை மேலே ஏறி வளைந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படி வராமல் தரையோடு வந்தால் சிங்க்கின் அழுக்கு நீர் டிஷ்வாஷருக்குள் திரும்பும்.

சோதனைக்கு மின்சாரம் தேவையில்லை. சிங்க்கை அடைத்து நீரை நிரப்பி, மேல் ஃபிளாஞ்சைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். பிறகு மூடியை ஒரேயடியாகத் திறந்து முழு நீரையும் இறக்கி, ஒவ்வொரு நட்டிலும் ஒற்றுங்கள். மெல்லிய நீரோட்டத்தில் தெரியாத கசிவு இந்த அழுத்தத்தில் தெரியும். எல்லாம் உலர்ந்திருந்தால் பிரேக்கரைப் போட்டு, குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். டிஷ்வாஷரையும் நீர் வெளியேற்றும் கட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டியவுடன் எர்த் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து அடித்தட்டைத் திறந்து, வயர் எங்காவது உடலில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு: சுவிட்ச் மாற்றிய கை உங்களுடையது என்பதால் செய்யலாம், மூன்று இடங்களைத் தவிர. உங்கள் ஊரின் விதிகளோ குடியிருப்புச் சங்கமோ மின் இணைப்பை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும் என்று சொன்னால், அந்தப் பகுதியை அவரிடம் விடுங்கள். சிங்க்கின் கீழே எர்த் வயரே இல்லை என்றால் முதலில் அது வரட்டும். பழைய இரும்புக் குழாயின் நட்டைத் திருப்பும்போது குழாய் நொறுங்கினாலோ சுவருக்குள் அசைந்தாலோ அங்கேயே நிறுத்திப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் திருப்பினால் உடைவது சுவருக்குள் இருக்கும் இணைப்பு.

புதியதன் சீலும் சீக்கிரம் போகாமலிருக்க, ஓட்டும்போது குளிர்ந்த நீரை விடுங்கள், அரைக்கும் சத்தம் அடங்கிய பிறகும் கால் நிமிடம் ஓடவிடுங்கள். வெந்நீரில் கொழுப்பு உருகிப் போய்க் குழாயின் தூரத்தில் உறையும். நார் நிறைந்த தோல்களும் தண்டுகளும் தட்டில் சுற்றிக்கொள்ளும். அடைப்பு நீக்கும் அமிலமோ காரமோ ஊற்ற வேண்டாம், ரப்பரையும் சீலையும் அரித்துவிடும். ஒரு வாரம் கழித்து மூன்று மவுண்டிங் திருகுகளையும் நட்டுகளையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதிர்வில் எது தளர்ந்திருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

மாட்டுவதற்கு முன் இயந்திரத்தின் லேபிளில் உள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அந்த லேபிள் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால் படிக்க முடியாது. வாரண்டி கேட்கும்போது நிறுவனம் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.